கேட்டால் சொல்வோம்: முப்பது காசுப் புத்தகத்துக்குப் பயந்தவர்கள்

போன இதழில் யாருக்கோ பதில் எழுதும்போது ‘பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் அறிவொளிக் காலம்’ என்று, மரபை அப்படியே நம்பாமல் பகுத்தறிவால் கேள்வி கேட்ட காலத்தைப் பற்றி ஒரு வரியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வாழைச்சேனையில் இருந்து திருக்கோவில் வரைக்கும் கேள்விகள் வந்திருக்கின்றன. சரி, இம்முறை அது மட்டும்தான். கிரிக்கெட், சினிமா, முடி கொட்டுவது எல்லாம் அடுத்த இதழில்.

“எங்கள் நோட்ஸில் ‘அறிவொளிச் சிந்தனையாளர்கள் அறிவைப் பரப்பி, மரபான அதிகாரத்தை எதிர்த்தனர்’ என்று ஒரு வரி இருக்கிறது. எப்படிப் பரப்பினார்கள் என்று கேட்டால், சோதனைக்கு அவ்வளவு போதும் என்கிறார் சேர்.”
- ஏ.எல். மாணவி, களுவாஞ்சிகுடி

சோதனைக்குப் போதும்தான் தங்கச்சி, உங்கள் சேர் பொய் சொல்லவில்லை. ஆனால் சுவாரசியமெல்லாம் அந்த ‘எப்படி’யில்தான் இருக்கிறது.

பாரிஸில் சில புத்தக வியாபாரிகளுக்கு ஒரு எண்ணம் வந்தது. 1728இல் இங்கிலாந்தில் சேம்பர்ஸ் என்பவர் போட்ட இரண்டு பாகக் கலைக்களஞ்சியம் நன்றாக விற்றிருக்கிறது, அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தால் காசு பார்க்கலாம் என்று. அந்த வேலை கடைசியில் திதரோ என்ற, கையில் காசில்லாத எழுத்தாளரிடமும் தலம்பேர் என்ற கணித மேதையிடமும் வந்து சேர்ந்தது. திதரோவின் தகப்பன் கத்தி செய்கிற தொழிலாளி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டுப் பிள்ளை ஆசிரியரானதால்தான் அந்தக் கலைக்களஞ்சியத்தில் கடவுள், ஆன்மா, அரசன் என்ற தலைப்புகளுக்குப் பக்கத்தில் குண்டூசி எப்படிச் செய்வது, காலுறை பின்னுகிற இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதெல்லாம் அதே மரியாதையோடு அச்சானது. தொழில் ரகசியங்களை அந்தந்தத் தொழிற்சங்கங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த காலம் அது. மருதமுனையில் ஒரு தறிக்காரரின் வீட்டில் போய் இருந்து, தறியின் ஒவ்வொரு பாகத்தையும் வரைந்து, பெயர் எழுதி, யாரும் காசு கொடுத்து வாங்கிப் பார்க்கலாம் என்று அச்சடித்து விட்டால் எப்படி இருக்கும், அப்படி. குண்டூசிக் கட்டுரையில் பதினெட்டு வேலைப்படிகள் விவரித்திருந்தார்கள். 1776இல் அடம் ஸ்மித் தொழிற்பிரிவினையை விளக்க எடுத்துக்கொண்டதும் அதே குண்டூசிதான். நீங்கள் பொருளியல் படித்தால் அதுவும் வரும்.

முதல் பாகம் 1751இல் வந்தது. எழுத்துப் பாகங்கள் மொத்தம் 17, படப் பாகங்கள் 11, எல்லாம் முடிய 1772 ஆகிவிட்டது. கட்டுரைகள் எழுபதாயிரத்துக்கும் மேல். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கை, அதாவது பதினேழாயிரம் அளவில், ஜோகூர் என்ற ஒரே மனிதர் எழுதினார். செயலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தன் வீட்டையே விற்றார், அதை வாங்கியவர் இதே கலைக்களஞ்சியத்தின் பதிப்பாளர். எழுதுகிறவன் வீட்டை விற்பதும் பதிப்பிக்கிறவன் வாங்குவதும் அன்றே இருந்த வழக்கம் போல!

அதிகாரத்தை எதிர்த்தது எங்கே என்றுதானே கேட்கிறீர்கள்? முன்வாசலால் போய் எதிர்த்தால் உள்ளே தூக்கிப் போடுவார்கள். திதரோவே 1749இல் ஒரு புத்தகத்துக்காக வென்சேன் கோட்டையில் மூன்று மாதத்துக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர். அதனால் பின்வாசல் வழி. கட்டுரையில் எல்லாம் ஒழுங்காக, பக்தியாக இருக்கும். கடைசியில் ‘இதையும் பார்க்க’ என்று போடுவார்களே, அங்கேதான் குறும்பு. நரமாமிசம் தின்கிறவர்கள் பற்றிய கட்டுரையின் முடிவில் நற்கருணை, திருவிருந்து, பலிபீடம் ஆகியவற்றைப் பார்க்கவும் என்று இருந்தது. தணிக்கை அதிகாரி ஒவ்வொரு கட்டுரையாகத்தான் வாசிப்பார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்கு மட்டும்தான் சிரிப்பு வரும், அல்லது கோபம் வரும். கிறிஸ்தவ வாசகர்கள் என்னைக் கோபிக்க வேண்டாம், நடந்ததைச் சொல்கிறேன்.

1752இல் முதல் இரண்டு பாகங்களுக்கும் தடை வந்தது. 1759இல் அச்சிடும் உரிமையையே பறித்தார்கள், பாப்பரசரும் தடைப் பட்டியலில் சேர்த்தார். அப்புறம் எப்படி முடிந்தது? புத்தக வணிகத்துக்குப் பொறுப்பான அரச அதிகாரி மால்செர்ப் என்பவர் அரைக்கண் மூடிக்கொண்டார். கையெழுத்துப் பிரதிகளைக் கைப்பற்ற உத்தரவு வரப்போகிறது என்று திதரோவுக்கு முன்கூட்டியே சொல்லி, ஒளித்துவைக்க இடமில்லையென்றால் என் வீட்டுக்கே அனுப்பிவிடு, அங்கே யாரும் தேடமாட்டார்கள் என்றாராம். திதரோவின் மகள் எழுதிவைத்த கதை இது. படப் பாகங்களுக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்தார்கள், அந்த மறைவில் எழுத்து வேலையும் ஓடியது. கடைசிப் பத்து எழுத்துப் பாகங்கள் பாரிஸில் அச்சாகி, சுவிஸ் பக்கம் உள்ள நெஷாத்தெல்லில் அச்சானதாகப் பொய் முகவரியோடு வெளிவந்தன. இவ்வளவுக்கும் நடுவில் பெரிய வெட்டு விழுந்தது அரசனிடமிருந்து இல்லை. பதிப்பாளரே பயந்துபோய், திதரோ ஒப்புதல் கொடுத்த பக்கங்களை அவருக்குத் தெரியாமல் வெட்டி அச்சிட்டிருந்தார். 1764இல் கண்டுபிடித்தபோது மனிதர் அழுதே விட்டார்.

“28 பாகம் என்கிறீர்கள். எங்கள் கணக்குக்கு ஒரு பாகம் அச்சடிக்கிற செலவே தலையைச் சுற்றும். ஏழைகள் எப்படி வாங்கினார்கள்?”
- அச்சகத் தொழிலாளி, கல்முனை

வாங்கவில்லை. தொழில் தெரிந்தவர் கேட்ட கேள்வி என்று முதல் வரியிலேயே தெரிகிறது. ஆரம்பச் சந்தா 280 லிவர் (அக்காலப் பிரெஞ்சு நாணயம்), எல்லாம் முடிந்தபோது 980 லிவர். ஒரு கூலித் தொழிலாளியின் இரண்டு மூன்று வருட உழைப்பு அது. முதல் பதிப்பு நாலாயிரம் பிரதிக்குக் கொஞ்சம் மேல், பெரும்பாலும் போனது வழக்கறிஞர், மருத்துவர், பிரபுக்கள், பாதிரிமார் வீடுகளுக்கு.

அக்காலத்தின் பேர்போன பிரெஞ்சு எழுத்தாளர் வோல்டேயர் இதைக் கிண்டலாகவே எழுதினார்: இருபது பெரிய பாகம் ஒருநாளும் புரட்சி செய்யாது, முப்பது சூவுக்கு விற்கிற, சட்டைப்பையில் வைக்கிற சின்னப் புத்தகத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று. முப்பது சூ என்றால் ஒன்றரை லிவர். அவர் சொன்னதோடு நிற்கவில்லை, 1764இல் அகர வரிசையில் ஒரு கையடக்கத் தத்துவ அகராதியைப் போட்டார், பெயர் போடாமல். அதற்கு அதிகாரம் எவ்வளவு பயந்தது என்பதற்கு ஒரு கொடூரமான சாட்சி உண்டு. 1766இல் அப்வீல் என்ற ஊரில் லா பார் என்ற இளைஞனை மத நிந்தனைக் குற்றம் சாட்டித் தலையை வெட்டினார்கள், அவன் உடலோடு சேர்த்து அந்தப் புத்தகத்தையும் எரித்தார்கள். 28 பாகத்தை யாரும் இப்படி எரிக்கவில்லை.

பிறகு மலிவுப் பதிப்புகளும் வந்தன. கலைக்களஞ்சியத்தையே சின்ன அளவில், மலிவான தாளில் அடித்தார்கள். 1789 புரட்சிக்கு முன் எல்லாப் பதிப்புகளும் சேர்த்து 24,000 பிரதி அளவில் இருக்கும் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். தடைசெய்த புத்தகங்கள் சுவிஸ் எல்லையில் உள்ள யூரா மலைப்பாதையில் சுமைகாரர்களின் முதுகில் வந்தன. உங்களுக்குப் பிடிக்கக்கூடிய ஒரு நுணுக்கம்: அந்தக் காலத்தில் புத்தகம் கட்டாமல் தாள் தாளாகத்தான் அனுப்புவார்கள். அனுமதி பெற்ற புத்தகத்தின் தாள்களுக்கு நடுவே தடைசெய்த தாள்களைச் செருகிவிடுவார்கள். சோதிக்கிறவர் மேலே நாலு தாளைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கட்டுகளில் தத்துவமும் இருந்தது, ஆபாசமும் இருந்தது. கடத்தல்காரனுக்கு இரண்டும் ஒரே சரக்கு.

“இந்தக் கேள்வி-பதில் பகுதியை உலகத்தில் முதலில் தொடங்கியது யார்? உங்களைப் போல ஒருவர்தானா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்?”
- வாசகி, ஏறாவூர்

உள்குத்து விளங்குது. லண்டனில் 1691இல் ஜோன் டன்டன் என்ற புத்தக வியாபாரி தொடங்கிய பத்திரிகையைத்தான் முன்னோடி என்பார்கள். யாரும் பெயர் சொல்லாமல் எழுதிக் கேட்கலாம், விஞ்ஞானத்தில் இருந்து கல்யாணப் பிரச்சினை வரைக்கும். பெண்களும் கேட்டார்கள், பதிலும் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. பெரிய அறிஞர் சங்கமே உட்கார்ந்து பதில் சொல்வது போலப் பத்திரிகை பாவனை காட்டியது. உள்ளே இருந்தது டன்டன், ஒரு கணக்கு வாத்தியார், டன்டனின் சகலன் சாமுவேல் வெஸ்லி, இன்னும் ஓரிருவர், அவ்வளவுதான். அந்தச் சகலனின் மகன்தான் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. அந்த இயக்கத்தின் வில்லியம் ஓல்ட் பாதிரியார் 1814இல் மட்டக்களப்புக்கு வந்து தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

“2018இல் அம்பாறை டவுனில், சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். படித்தவர்களே அந்த வீடியோவைப் பகிர்ந்தார்கள். அறிவைப் பரப்பினால் வதந்தி நிற்கும் என்பதெல்லாம் சும்மா கதைதானே?”
- வாசகர், சம்மாந்துறை

பாதி சரி. அந்தச் சாப்பாட்டில் இருந்தது மாக்கட்டிதான் என்று அரச பகுப்பாய்வாளர் அறிக்கை கொடுத்தார். அப்படி மலடாக்குகிற மாத்திரையே உலகத்தில் இல்லை என்றும் மருத்துவர்கள் சொன்னார்கள். அதெல்லாம் உடைத்து முடிந்த பிறகு.

இதே மாதிரி ஒன்று பிரான்ஸின் துலூஸ் நகரத்தில் நடந்தது. 1761 ஒக்டோபரில் ஜான் கலாஸ் என்ற துணி வியாபாரியின் மூத்த மகன் வீட்டில் இறந்து கிடந்தான். கலாஸ் குடும்பம் புரட்டஸ்தாந்துக் குடும்பம், ஊர் கத்தோலிக்க ஊர். வாசலில் கூடிய கூட்டத்தில் யாரோ ஒருவர், பிள்ளை மதம் மாறப்போனதால் தகப்பனே கொன்றுவிட்டான் என்று கத்தினார். அந்த ஒரு சத்தம் போதுமாக இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய மனிதரை 1762 மார்ச் 10ஆம் திகதி சக்கரத்தில் கட்டி, எலும்பை முறித்துக் கொன்றார்கள். கடைசிவரை நான் செய்யவில்லை என்றுதான் சொன்னார்.

வோல்டேயர் அப்போது சுவிஸ் எல்லையோரம் ஃபெர்னேயில் இருந்தார், வயது 67. முதலில் அவரே ஊர்க்கதையைத்தான் நம்பினார், இதைக் கவனியுங்கள். பிறகு சந்தேகம் வந்து, கலாஸின் இளைய மகனைக் கூப்பிட்டு விசாரித்தார், துலூஸுக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார், யார் எங்கே நின்றார்கள், எது எத்தனை மணிக்கு என்று கேட்டார். அதுக்குப் பிறகுதான் எழுதத் தொடங்கினார். அவர் செய்த கெட்டித்தனம், வழக்கு ஆவணங்களையும் குடும்பத்தாரின் வாக்குமூலங்களையும் சின்னச் சின்னத் துண்டுப் பிரசுரமாக அச்சடித்து ஐரோப்பா முழுக்க அனுப்பியது. நீதிமன்றம் ரகசியமாக வைத்திருந்ததை ஊர் வாசிக்கத் தொடங்கியது. விதவைக்கு வழக்கறிஞர் பிடித்தார், பணம் சேர்த்தார், 1763இல் சகிப்புத்தன்மை பற்றிய நூலை வெளியிட்டார். 1765 மார்ச் 9ஆம் திகதி கலாஸ் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. மூன்று வருடம்! வதந்திக்கு ஒரு பின்னேரம் போதும், உண்மைக்கு மூன்று வருடமும் பிடிவாதமான ஒரு கிழவரும் தேவைப்பட்டார்கள். அதனால்தான் பாதி சரி என்றேன்.

“சுனாமி வந்தபோது, எங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எல்லா மதத்திலும் சிலர் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த என் அக்கா அதைக் கேட்டு இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தத் தத்துவக்காரர்கள் இப்படி ஒன்றைக் கண்டிருக்கிறார்களா?”
- வாசகி, நாவலடி

கண்டிருக்கிறார்கள் அம்மா. 1755 நவம்பர் 1ஆம் திகதி காலை, போர்த்துக்கல்லின் லிஸ்பன் நகரம். சகல புனிதர்களின் திருநாள், தேவாலயங்கள் நிறைய சனம். பூமி அதிர்ந்து கூரைகள் அவர்கள் மேல் விழுந்தன, தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைக் கடல் வந்து எடுத்தது, மிச்சத்தை நெருப்பு எடுத்தது. கடல் முதலில் உள்வாங்கிப் பிறகு வந்தது. உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கேயும் உடனே சொன்னார்கள், பாவத்தின் சம்பளம் என்று. மலக்ரிதா என்ற பாதிரியார், பூகம்பத்துக்கு இயற்கைக் காரணம் சொல்வதே தப்பு, செய்ய வேண்டியது தவம் மட்டும்தான் என்று புத்தகமே போட்டார். இன்னொரு பக்கம், இந்த உலகம் இருக்கக்கூடிய உலகங்களில் மிகச் சிறந்தது, நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று படித்தவர்கள் ஒரு தத்துவம் வைத்திருந்தார்கள். வோல்டேயருக்கு இரண்டின் மேலும் கோபம். பால்குடிப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள், லண்டனிலும் பாரிஸிலும் லிஸ்பனைவிடப் பாவம் குறைவா என்று கவிதையில் கேட்டார். உங்கள் அக்காவும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டிருப்பார்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது ரூசோ என்ற இன்னொரு தத்துவக்காரரின் மறுமொழி. 1756இல் வோல்டேயருக்குக் கடிதம் எழுதினார்: ஆறேழு மாடி வைத்து இருபதாயிரம் வீட்டை நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே, மனிதன்தானே; சனம் பரந்து இருந்திருந்தால் சேதம் குறைந்திருக்குமே என்று. கடவுளைக் குற்றவாளிக் கூண்டில் இருந்து இறக்கிவிட்டு, வீடு கட்டிய விதத்தை அதில் ஏற்றினார். 2004இல் இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டம். கரையோரத்தில் யார், ஏன் அவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டி வந்தது, வேறு காணி யாரிடம் இருந்தது என்று கேட்டால் அதற்குப் பதில் பாவக் கணக்கில் கிடைக்காது. பிறகு கிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் என்று தடை வலயம் போட்டார்களே, ஏன் அந்த வித்தியாசம் என்று அப்போது எல்லோரும் கேட்டோம். அதுவும் ரூசோ வகைக் கேள்விதான்.

இன்னொன்று. போர்த்துக்கல்லின் அமைச்சர் பொம்பால் எல்லாத் தேவாலயப் பங்குகளுக்கும் ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பினார்: எவ்வளவு நேரம் அதிர்ந்தது, எத்தனை பேர் இறந்தார்கள், கடல் முதலில் ஏறியதா இறங்கியதா? பங்குத் தந்தைமாரே பதில் எழுதி அனுப்பினார்கள். அந்தப் பதில்களை இன்றைய நிலநடுக்க ஆய்வாளர்களும் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் இதே பொம்பாலின் ஆட்சியில்தான், 1761இல், அந்த மலக்ரிதா பாதிரியாரைக் கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள். வோல்டேயரே அதைக் கேட்டு அருவருத்தார். பகுத்தறிவு பேசிய கையும் கொலை செய்திருக்கிறது.

“சுதந்திரம், அறிவு என்று அவர்கள் பேசிய அதே காலத்தில்தானே ஐரோப்பியர்கள் எங்களை ஆண்டார்கள்? அவர்களைப் புகழ உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?”
- பல்கலைக்கழக மாணவர், வந்தாறுமூலை

கோபம் நியாயம் தம்பி. உங்கள் கோபத்துக்கு இன்னும் கொஞ்சம் விறகு தருகிறேன். பிரான்ஸில் அச்சடிக்க முடியாததெல்லாம் அச்சானது ஒல்லாந்தில். பியர் பேல் என்ற பிரெஞ்சுச் சிந்தனையாளர் 1697இல் தன் அகராதியை வெளியிட்டது ரொட்டர்டாமில், ரூசோவின் முக்கியமான நூல்கள் பல வந்தது ஆம்ஸ்டர்டாமில். அதே ஒல்லாந்தர் 1638இல் போர்த்துக்கேயரிடம் பிடித்த மட்டக்களப்புக் கோட்டையில் பீரங்கியோடு இருந்தார்கள். 1737இல் கொழும்புக்கு அச்சுக்கூடம் கொண்டுவந்து ஜெபப் புத்தகமும் அரசாங்கக் கட்டளையும் அச்சடித்தார்கள். வாவிக்கரைக்கு ஒரு பேலோ ரூசோவோ கப்பலில் வந்து இறங்கவில்லை. கொழும்பில் அவர்களிடம் அடிமைகளும் இருந்தார்கள்.

சிந்தனையாளர்களும் சுத்தமில்லை. உரிமை பற்றி எழுதிய ஆங்கிலேயர் லொக் அடிமை வியாபாரக் கம்பெனியில் பங்கு வைத்திருந்தார், ஜெர்மன் தத்துவக்காரர் கான்ட் கறுப்பர்களைப் பற்றி எழுதியதை வாசித்தால் வயிறு எரியும். ஆனால் 1770இல் ரெய்னால் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் வெளியிட்ட ‘இரண்டு இந்தியாக்களின் வரலாறு’ (கிழக்கு, மேற்கு இந்தியத் தீவுப் பகுதிகள்) என்ற நூலில், பெயர் போடாமல் காலனி ஆட்சியையும் அடிமைமுறையையும் கிழித்தவர்களில் திதரோவும் ஒருவர். 1781இல் பாரிஸில் அதை எரித்தார்கள். அதே வருடம் கொந்தோர்செ என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் அடிமைமுறைக்கு எதிராகப் புனைபெயரில் எழுதினார், 1790இல் பெண்களுக்கு வாக்குரிமை கேட்டார். நியூட்டனின் பெரிய நூலை முழுமையாகப் பிரெஞ்சுக்குக் கொண்டுவந்தது எமிலி து ஷத்தலே என்ற பெண், ஆனால் புத்தகம் 1759இல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. புகழவும் திட்டவும் ஆள் ஆளாகத்தான் முடியும்.

“நம்மவர்களில் வோல்டேயர் யார்? சுவாமி விபுலானந்தரைச் சொல்லலாமா?”
- ஓய்வுபெற்ற ஆசிரியர், காரைதீவு

உங்கள் ஊர்ப் பெருமை எனக்கும் பெருமைதான் ஐயா, ஆனால் வேண்டாம். அவர் துறவி, வோல்டேயர் பார்த்திருந்தால் கிண்டலடித்திருப்பார். விஞ்ஞானம் படித்து, கல்லடி சிவானந்தா உட்படப் பள்ளிக்கூடங்களை நடத்தி, தமிழில் கலைச்சொல் உருவாக்க உழைத்து, 1947இல் யாழ் நூலைத் தந்துவிட்டு மறைந்த மனிதருக்கு இன்னொருவரின் பெயர் எதற்கு? அச்சு என்ற ஆயுதத்தைப் பார்த்தால் கண்டியின் சித்திலெப்பையைச் சொல்வேன். 1882இல் முஸ்லிம் நேசன் தொடங்கி, முஸ்லிம் பெண் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று எழுதி, சொந்தச் சமூகத்திடமே ஏச்சு வாங்கியவர்.

“கோவில் கூட்டத்தில் திருவிழாக் கணக்கைக் கேட்டேன். வண்ணக்கர் (கோவில் நிர்வாகி) சொன்னால் சரி, சின்னப் பொடியன் கேள்வி கேட்கக்கூடாது என்று இருத்திவிட்டார்கள். உங்கள் ஆட்கள் இதற்கு என்ன சொல்கிறார்கள்?”
- இளைஞர், பட்டிருப்புப் பக்கம்

உங்களுக்குக் கான்ட் சரியான ஆள். 1783இல் பேர்லினில் ஒரு மாத சஞ்சிகையில், கல்யாணத்துக்கு மதச் சடங்கு கட்டாயமா என்ற சண்டைக்கு நடுவில், ஒரு பாதிரியார் அடிக்குறிப்பில் கேட்டார்: அறிவொளி அறிவொளி என்கிறீர்களே, அது என்ன என்று முதலில் சொல்லுங்கள். அடுத்த வருடம் அதே சஞ்சிகையில் கான்ட் எழுதிய பதில்தான் இன்றுவரை எல்லோரும் மேற்கோள் காட்டுகிற கட்டுரை. எனக்காக விளங்கிக்கொள்ளப் புத்தகம், மனச்சாட்சிக்குப் பாதிரியார், பத்தியத்துக்கு வைத்தியர் இருந்தால் நான் ஏன் கஷ்டப்பட வேண்டும் என்று மனிதன் சோம்பலாலும் பயத்தாலும் சின்னப் பிள்ளையாகவே இருந்துவிடுகிறான் என்றார். சின்னப் பொடியன் என்று உங்களைச் சொன்னவர்களுக்கு இதை வாசித்துக் காட்டலாம். ஆனால் கான்ட் கலகக்காரர் இல்லை. வரியைக் கட்டு, கட்டிக்கொண்டே அந்த வரி நியாயமா என்று ஊர் வாசிக்கும்படி எழுது என்பதுதான் அவர் வழி. ஆகவே கோவில் வரியை நிறுத்த வேண்டாம், கேள்வியையும் நிறுத்த வேண்டாம்.

கணக்கு என்றதும் ஒன்று. 1781இல் பிரான்ஸ் அரசனின் நிதிப் பொறுப்பாளர் நெக்கர், அதுவரை பரம ரகசியமாக இருந்த அரச வரவு செலவை அச்சடித்து வெளியிட்டார். யார் யாருக்கு அரண்மனையில் எவ்வளவு போகிறது என்று சனம் முதன்முதலில் பார்த்தது. கதைப் புத்தகம் மாதிரி விற்றது. சில மாதத்தில் அவர் பதவி போனது. அதில் ஒரு கோடி லிவர் மிச்சம் காட்டியிருந்தார், உண்மையில் இருந்தது பெரிய பற்றாக்குறை. யுத்தச் செலவை அவர் அந்தக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. அதனால் கணக்கு அறிக்கையை மட்டும் கேட்காதீர்கள், பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வாணவேடிக்கைக்கும் மேளத்துக்கும் கொடுத்தது தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லையே?